கதை சொல்லும் பேய்கள்: ஆலங்காட்டிலிருந்து அம்புலிமாமா வரை

(ஆரணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்கள் பட்டுச்சேலையைத்தான் நினைப்பார்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. நம்முடையது ஆற்றங்கரை ஆரணி. ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தங்கி, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைத் தொட்டு, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக இறங்கி நம்மையும் பொன்னேரியையும் கடந்து பழவேற்காட்டுப் பக்கம் கடலைத் தேடிப் போகும் ஆற்றின் பெயரை நாம் சுமக்கிறோம். இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு மாயக் காடுகளைப் பொருளாக எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றபோது, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து பிடிக்கிற ஊரில் இது எடுபடுமா என்று நண்பர்கள் கவலைப்பட்டார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. தமிழில் பேயும் கூகையும் நரியும் ஆட்டமும் பாட்டுமாக முழு உருவோடு எழுதப்பட்ட மாயக் காடு நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதன் பெயர் திருவாலங்காடு.

இன்று நம் பிள்ளைகளிடம் ஒரு மந்திரக் காட்டை வரையச் சொன்னால், ஊசியிலை மரங்களையும் பனியையும் கூரிய தொப்பி வைத்த கிழவியையும் வரைகிறார்கள். அவர்கள் பார்க்கும் படங்கள் அப்படி. கிரிம் சகோதரர்கள் 1812-இல் தங்கள் கதைத் தொகுப்பின் முதல் பகுதியை வெளியிட்டதிலிருந்து, ஜெர்மானியக் காடு உலகத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பொதுக் காடாகிவிட்டது. அந்தக் கதைகளை நானும் விரும்பிப் படிப்பவன். அவற்றின் வழக்கமான அமைப்பு ஒன்றுண்டு. வீட்டிலிருந்து ஒரு பிள்ளை காட்டுக்குள் போகும், அங்கே ஒரு விசித்திர உயிர் வழிமறிக்கும், பிள்ளை அதை ஏமாற்றியோ கொன்றோ வீடு திரும்பும். நாமும் அந்தப் பிள்ளையோடு உள்ளே போய் அதே பிள்ளையோடு வெளியே வந்துவிடுவோம். காட்டில் இருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டோம்.

தமிழ் மாயக் காடு வேறு விதமாக அமைந்தது. இங்கே கதை சொல்வதே பேய்தான். சில இடங்களில் பாடுகிறது, சில இடங்களில் முறையிடுகிறது, சில இடங்களில் வழக்காடுகிறது. காட்டுக்குள் குடியிருக்கிற உயிரின் வாயிலிருந்து காட்டைக் கேட்பது நம் மரபு. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதிப் பேச்சு அதற்கான சான்று.

முதலில் ஆலங்காடு. காரைக்கால் அம்மையார் கதை உங்களுக்குத் தெரியும். புனிதவதி என்ற வணிகர் குலப் பெண், கணவன் பரமதத்தன், ஒரு மாம்பழம், அதனால் வந்த பிரிவு. கணவன் தன்னைத் தெய்வமென்று அஞ்சி விலகிய பிறகு, அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அதை உதறிப் பேய் வடிவம் கேட்டுப் பெற்றார். கயிலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் ஏறினார். எழுந்தருளியிருந்த இறைவன் "அம்மையே" என்று அழைத்தான் என்றும், ஆடும் திருவடியின் கீழ் என்றும் இருக்க வேண்டுமென்று அவர் கேட்டார் என்றும், ஆலங்காட்டுக்குப் போ என்று அனுப்பப்பட்டார் என்றும் சேக்கிழார் சொல்கிறார். ஆறாம் நூற்றாண்டை ஒட்டிய இந்த அம்மையாரின் பாடல்கள் நமக்குக் கிடைத்திருப்பவை 143. அவற்றில் 22 ஆலங்காட்டைப் பற்றிய இரண்டு பதிகங்கள். மூத்த திருப்பதிகம் என்ற பெயரே அவற்றின் பழமையைச் சொல்லும். பதிக முடிவில் அவர் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். எழுதியவர் காட்டுக்கு வந்துபோன விருந்தாளி இல்லை. அங்கே குடிபுகுந்தவர், அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

குடியிருப்பவர் எழுதினால் எழுத்து எப்படி மாறும் என்பதை அந்தப் பதிகங்களில் பார்க்கலாம். பொதுவாக "இருண்ட காடு" என்று எழுதுவதில்லை அம்மையார். எட்டி, இலவம், சூரை, காரை, கள்ளி என்று மரத்தையும் புதரையும் பெயர் சொல்லி அழைக்கிறார். நள்ளிரவில் காய்ந்த வாகை நெற்று காற்றில் சலசலப்பது அவர் காதில் விழுகிறது. கள்ளியின் மேல் ஈகைக் கொடி படர்ந்திருப்பதும் அதன் நிழலில் ஈமத்தீ எரிவதும் தெரிகிறது. கூகையோடு சேர்ந்து ஆண்டலை பாடுகிறது, ஆந்தை கிளையில் தாவுகிறது. ஆண்டலை என்பது மனிதத் தலை கொண்டதாக நம் முன்னோர் நம்பிய பறவை. வாகை நெற்று எவ்வளவு மெய்யோ அவ்வளவு மெய்யாக அது பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. வாகை மரத்தடியில் வேனிற்கால இரவைக் கழித்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த ஓசை உங்களுக்குத் தெரியும். தெரிந்த ஓசை கேட்கிற காட்டில் தெரியாத பறவை பாடினால் அதை நம்பாமல் இருக்க முடியாது.

பேய்களைப் பாருங்கள். ஒரு பேய்ப் பெண் கள்ளியின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, கொள்ளிக் கட்டையை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறாள். பிணம் சுடும் இடத்தில் ஒருத்தி அலங்காரம் செய்துகொள்கிறாள். ஓமக்குழியில் இட்ட சோற்றை நரி தின்றுவிடுகிறது, நாம் முன்னமே பார்க்காமல் போனோமே என்று பேய்கள் கையடித்துக்கொண்டு ஓடுகின்றன. இது பசித்தவர்களின் ஓட்டம். அவர்களை விரட்டுவதற்கு அங்கே எந்த வீரனும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தாய். நிணத்தை விழுங்கிவிட்டு, மண்டையோட்டு மாலையைப் பூட்டிக்கொண்ட ஒரு பேய், தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்துச் சீராக வளர்க்கிறது. உடம்பில் ஒட்டிய புழுதியைத் துடைக்கிறது, பால் கொடுக்கிறது, போய்விடுகிறது. தாய் திரும்பி வராததால் பிள்ளை அழுது அழுது உறங்கிப் போகிறது. உலக இலக்கியத்தில் எத்தனையோ அரக்கிகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். தன் பிள்ளையின் மேல் பட்ட புழுதியைத் துடைக்கும் அரக்கியை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால், பேய்க்குப் பிறந்த பிள்ளைக்கும் பெயர் உண்டு, பசி உண்டு, அழுகை உண்டு என்று நினைத்த மனம் எப்படிப்பட்ட மனம்! அந்தக் காட்டில் இருந்து பார்க்காத ஒருவருக்கு இது தோன்றியிருக்காது.

இசையையும் சொல்ல வேண்டும். அதே சுடுகாட்டில் துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று தமிழிசையின் சுரங்கள் ஒலிக்கின்றன. கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், தமருகம், குடமுழா, மொந்தை என்று கருவிகள் நிறைகின்றன. தமிழிசை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பாடலைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். ஓர் இசைப் பட்டியலைப் பேய்க் காட்டின் நடுவில் பத்திரப்படுத்தியிருக்கிறார் அம்மையார்.

இந்தக் காட்டின் மேல் பின்னால் வந்தவர்கள் வைத்த மரியாதையும் பெரிது. அம்மை தலையால் நடந்த மண்ணில் தன் கால் படக் கூடாதென்று, ஏழாம் நூற்றாண்டில் வந்த சம்பந்தர் ஊருக்குள் நுழையாமல் பக்கத்துப் பழையனூரில் தங்கினார் என்பது பெரியபுராணச் செய்தி. முதலாம் இராசேந்திர சோழன் அந்தப் பழையனூரையே ஆலங்காட்டுக் கோயிலுக்குக் கொடையாகக் கொடுத்தான். அந்த ஆவணம்தான் 1905-இல் வெளிப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், மொத்தம் 31 ஏடுகள். சோழர் மரபை அறிய நாம் இன்றும் நம்பியிருக்கும் மூல ஆவணங்களில் அது ஒன்று. அதே இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில், ஆடும் பெருமானின் காலடியில் வற்றிய மார்போடும் எலும்புடம்போடும் அமர்ந்திருக்கிறார் நம் அம்மையார். பேரரசனின் கோயிலில் ஒரு பேய்க்கு இடம் கிடைத்தது. பாடியதால் கிடைத்த இடம் அது.

ஆலங்காட்டை விட்டுக் கொஞ்சம் தெற்கே போவோம். சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மதுரைக்கு நடக்கிறார்கள். மாங்காட்டு மறையோன் ஒருவன் மூன்று வழி சொல்கிறான். இடப்பக்க வழியில் திருமால் குன்றத்தில் ஒரு பிலம் உண்டு, அதற்குள் மூன்று பொய்கை. புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரன் செய்த இலக்கணம் கைவரும், பவகாரணியில் மூழ்கினால் முற்பிறவி தெரியும், இட்டசித்தியில் மூழ்கினால் நினைத்தது கிடைக்கும். வாசலில் ஒரு தெய்வப் பெண் கேள்வி கேட்பாள். மாயக் கதை எழுதுகிற எவரும் விட மாட்டாத இடம். ஆனால் கவுந்தியடிகள் மூன்றையும் மறுத்துவிடுகிறார். மெய்யும் உயிர் ஓம்பலும் உடையவர்க்குக் கிடைக்காத பொருள் எது என்பது அவர் கேள்வி. காவியம் அந்தக் குகைக்குள் போகாமலே நடக்கிறது.

நடுவழிக் காட்டில் நடப்பது எனக்கு இன்னும் நெருக்கமானது. நீர் தேடிப் போன கோவலன் முன்னால், அந்தக் காட்டில் வாழும் தெய்வம் மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் வந்து காலில் விழுந்து அழுகிறது. மாதவி என்னையும் விலக்கினாள் என்று கதை கட்டுகிறது. மயக்கும் தெய்வம் உண்டு என்று மறையோன் முன்பே எச்சரித்திருந்ததால் கோவலன் கொற்றவை மந்திரத்தைச் சொல்கிறான். உடனே அது உண்மையை ஒப்புக்கொள்கிறது. நான் வனசாரிணி, உன்னை மயக்க வந்தேன், இதை உன் மனைவியிடமும் அந்த அடிகளிடமும் சொல்லாமல் போ என்று கேட்டுக்கொள்கிறது. இரண்டு நல்ல பெண்களுக்கு முன்னால் தன் பெயர் கெட்டுவிடக் கூடாதென்று ஒரு மோகினி வேண்டிக்கொள்கிறாள்! இளங்கோவுக்கு அவளைக் கொல்லத் தேவைப்படவில்லை. அவளுக்கும் ஒரு நாணம் இருப்பதைப் பதிவு செய்தது போதுமென்று விட்டுவிட்டார்.

இனிப் பரணி. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றான். அந்த வெற்றியைச் செயங்கொண்டார் பாடினார். ஒரு படையெடுப்பைப் பாட வேண்டுமென்றால் அரண்மனையில் தொடங்கலாம், போர்க்களத்தில் தொடங்கலாம். கலிங்கத்துப் பரணியில் போருக்கு முன்பே காடு வந்துவிடுகிறது. காடு பாடியது, கோயில் பாடியது, தேவியைப் பாடியது, பேய்களைப் பாடியது, இந்திரசாலம் என்று அடுக்கிய பிறகுதான் சோழர் வரலாற்றுக்கு முறை வருகிறது. அந்தக் காட்டில் காய்ந்தும் கருகியும் நிற்பவை என்ன? காரை, சூரை, வீரை, பாலை, ஓமை. அம்மையாரின் காரையும் சூரையும் ஐந்நூறு ஆண்டு கழித்தும் பேய்க் காட்டில் அப்படியே நிற்பதைக் கவனியுங்கள். புலவருக்குப் புலவர் கைமாறி வந்த குறிப்புப்போல அந்த இரண்டு முட்புதர்களும் வந்திருக்கின்றன.

பரணியின் பேய்கள் பட்டினியில் இருப்பவை. முடமான பேய், கையிழந்த பேய், செவிட்டுப் பேய், கூனற்பேய் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த ஊனம் எந்தப் போர்க்களத்தில் எப்படி வந்தது என்ற கதையையும் சொல்கிறார் செயங்கொண்டார். இமயத்துக்கு ஓடிப்போயிருந்த முதுபேய் ஒன்று வித்தைகள் கற்றுத் திரும்பி வந்து காளிக்கு முன் இந்திரசாலம் காட்டுகிறது. குருதியும் நிணமும் பெருகிய போர்க்களம் ஒன்றைக் கண்முன் விரிக்கிறது. பசித்த பேய்கள் அதை மெய்யென்று நம்பிப் பாய்ந்து அள்ளுகின்றன, கடிக்கின்றன. வாயில் ஒன்றும் இல்லை. வெறும் காற்றைத் தின்று விழுகின்றன. மாய வித்தையைப் பற்றி இதைவிடத் துயரமான காட்சியை யாரும் எழுதவில்லை என்பேன். மாயம் வேடிக்கை பார்ப்பவனை வியக்க வைக்கும், பசித்தவனை வதைக்கும். இந்த வேறுபாடு பேயின் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கே புலப்படும்.

அதே முதுபேய்தான் சோழர் வரலாற்றையும் கொண்டு வருகிறது. கரிகாலன் இமயச் சாரலில் எழுதி வைத்த தன் குல வரலாற்றைப் படித்து வந்து காளியிடம் சொல்கிறது. போர்ச் செய்தியையும் கலிங்கத்திலிருந்து வந்த ஒரு கூளியே சொல்கிறது. ஒரு பேரரசின் வரலாற்றுக்குப் பேயை ஆசிரியராக வைத்த காவியம் இது. நடுவில் பேய் முறைப்பாடு என்றொரு பகுதி முழுவதும் பேய்களின் மனு. நாங்கள் பட்டினி கிடக்கிறோம், எங்களுக்கு வழி சொல் என்று தலைவியிடம் கூட்டமாக நின்று கேட்கின்றன. கடைசியில் களத்திலேயே உலை வைத்து, வள்ளைப் பாட்டுப் பாடிக் குற்றி, கூழ் காய்ச்சி, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கருவுற்ற பேய்க்கும் விட்டுவிடாமல் வார்க்கிறார்கள். ஆடி மாதத்தில் பெரியபாளையத்தம்மன் சந்நிதிக்கு வேப்பிலை கட்டிப் போகிறவர்களும், தெருவில் கூழ் வார்ப்பவர்களும் நிறைந்த ஊர் இது. அந்த இடத்தைப் படிக்கும்போது நமக்கு எந்த உரையாசிரியரும் தேவைப்பட மாட்டார். காளிக்கு முன் எல்லார்க்கும் கூழ் என்பது நாம் அறிந்த வரிசை.

அது நரமாமிசக் கூழ் அல்லவா, அதைப் போற்றலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வென்றவனின் புகழைப் பாடுகிற நூலில், அந்த வெற்றி யார் வயிற்றை நிரப்பிற்று என்று வெளிப்படையாகக் காட்டியிருக்கிறார் செயங்கொண்டார். அவர் நோக்கம் புகழ்ச்சியாகவே இருக்கட்டும். பேய்களைப் பேச விட்டுவிட்டதால் போர் என்றால் என்ன என்பதும் கூடவே வெளியே வந்துவிட்டது.

மறுபடியும் நம் மாவட்டத்துக்கே வருவோம். பழையனூர் நீலி. நீலிக் கண்ணீர் என்று வாய்க்கு வாய் சொல்கிறோம், அந்தக் கண்ணீர் சிந்தப்பட்ட ஊர் ஆலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வழங்கும் கதை இப்படி. முற்பிறவியில் கணவனால் ஆலங்காட்டுக் காட்டில் கொல்லப்பட்ட பெண் நீலிப் பேயானாள். அவன் மறுபிறவியில் வணிகனாகப் பழையனூருக்கு வந்தபோது, கள்ளிக் கொம்பொன்றைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, நான் இவர் மனைவி, இது இவர் பிள்ளை என்று எழுபது வேளாளர் சபையில் முறையிட்டாள். அவன் இது பேய் என்று கதறினான். பிள்ளையை இறக்கி விட்டார்கள், அது அப்பா என்று அவனிடம் ஓடிற்று. அவன் கையிலிருந்த மந்திர வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை என்று சொல்லி இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைத்தார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் உயிர் விட்டார்கள். சம்பந்தர் தம் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையைச் சுட்டுகிறார் என்பதால் அதன் பழமை தெளிவு. அந்த எழுபதின்மர் நினைவிடம் இன்றும் அங்கே இருக்கிறது.

இந்தக் கதையை வேளாளர் வாய்மைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். அந்த வாய்மைக்கு என் வணக்கம் உண்டு. இருந்தாலும் நான் நீலியைப் பற்றியே யோசிக்கிறேன். அவள் காட்டில் ஒளிந்திருந்து பாய்ந்து கொல்லவில்லை. ஊருக்குள் வந்து, சபையைக் கூட்டி, வழக்குரைத்து, தீர்ப்பை வாங்கிக்கொண்டு பிறகு கொன்றாள். காட்டில் யாருக்கும் தெரியாமல் கொல்லப்பட்ட ஒருத்திக்கு ஊர் நடுவில் நின்று பேச வேண்டியிருந்திருக்கிறது. அவள் சொன்னதில் நான் இவர் மனைவி என்பது ஒரு பிறவிக்கு முன்னால் மெய். சபையார் பொய்யென்று தள்ள முடியாதபடி அந்தக் கதை நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணகியும் சபையில் வழக்குரைத்தவள்தான். ஒருத்தியைத் தெய்வமாக்கினோம், இன்னொருத்தியின் பெயரைப் பொய்க் கண்ணீருக்கு வைத்துவிட்டோம். கொலையுண்டவள் என்ற பகுதியைச் சொல்லாமல் நீலி கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள் என்று இங்குள்ள ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வேதாளத்துக்கு வந்துவிட்டோம். வடமொழியில் பதினோராம் நூற்றாண்டுக் காஷ்மீரச் சோமதேவரின் கதாசரித்சாகரத்துக்குள் இருக்கும் இருபத்தைந்து வேதாளக் கதைகளில், பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழ்நாட்டுக்கு வந்ததும் வேதாளம் முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டது. யார் ஏற்றினார்கள் என்று சொல்ல முடியாது. ஏற்றியவருக்குக் காரைக்கால் அம்மையாரின் புத்தி இருந்திருக்கிறது. கிணற்றடியில், கொல்லையில், கீரை பறிக்கப் போகும் இடத்தில் நிற்கும் மரத்தில் பேயைத் தொங்கவிட்டால்தான் இரவில் பிள்ளைகள் நம்புவார்கள். இந்தக் கதையிலும் சொல்பவர் யார்? வாளேந்திய அரசன் வாய் மூடி நடக்கிறான். அவன் தோளில் கிடக்கும் பிணத்துக்குள் இருக்கும் வேதாளம்தான் கதையும் சொல்லிக் கேள்வியும் கேட்கிறது.

1947 ஜூலையில் சென்னையிலிருந்து நாகிரெட்டியும் சக்ரபாணியும் அம்புலிமாமாவைத் தொடங்கியபோது, இந்த மரபுக்கு அச்சில் ஒரு வீடு கிடைத்தது. வேதாளக் கதைகள் இருபத்தைந்தோடு நிற்கவில்லை. அதே சட்டத்துக்குள் புதிய கதைகளை ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே போனார்கள். தோளில் பிணத்தோடு வாளை உயர்த்தி நடக்கும் விக்கிரமனை வரைந்தவர் ஓவியர் சங்கர், 1924-இல் பிறந்து 2020-இல் மறைந்தவர். தாசரி சுப்பிரமணியம் எழுதிய மாயாஜாலத் தொடர்களுக்குச் சித்ரா என்ற பெயரில் வரைந்த ஓவியர், காடும் குகையும் விசித்திர மிருகங்களுமாக ஒரு முழு உலகத்தைத் தீட்டினார். அதே நாகிரெட்டி, சக்ரபாணி கூட்டணிதான் 1951-இல் பாதாள பைரவியையும் 1957-இல் மாயாபஜாரையும் வடபழனியில் எடுத்தது. மாவட்டத்துக்குத் தெற்கே ஒரு மணிநேரப் பயணத்தில் இத்தனை மாயமும் தயாராகி, இந்தியாவின் பல மொழிகளுக்கும் போயிற்று.

மேற்கிலும் காட்டுவாசியைப் பேச விட்டவர்கள் உண்டு. டோல்கீன் 1954-இல் வெளியிட்ட நூலில் நடக்கும் மரம் ஒன்று வருகிறது. மிக மெதுவாகப் பேசும், தன் தோழர்களை வெட்டியவர்களைப் பற்றிக் குறைப்படும். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் பேய் முறைப்பாடு நினைவுக்கு வந்தது. அவர் செயங்கொண்டாரைப் படித்திருக்க வாய்ப்பில்லை. காட்டின் பக்கம் நின்று யோசிக்கிற எவரும் கடைசியில் ஒரு மனுவை எழுத வேண்டியிருக்கிறது.

இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. அம்மையாரும் செயங்கொண்டாரும் பாடிய காட்டு மரங்கள் ஏட்டில் மட்டும் இருப்பவையல்ல. சோழமண்டலக் கடற்கரையில் ஓங்கி வளராத, இலை முழுவதும் உதிராத ஒரு தனிக் காட்டு வகை உண்டு. தாவரவியலார் அதை வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். அதன் அடையாள மரங்கள் வீரையும் உலக்கைப் பாலையும். அடியில் காரையும் சூரையும் முள்ளோடு பின்னிக் கிடக்கும். பரணியின் மரப் பட்டியலும் இந்தக் காட்டின் தாவரப் பட்டியலும் இவ்வளவு ஒத்துப்போவதைப் பார்த்து நான் வியந்திருக்கிறேன். இந்த வகைக் காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியிருக்கிறது. கோயில் காடுகளாகச் சில, காப்புக் காடுகளாகச் சில. மிஞ்சியிருப்பதில் பெரியவற்றில் ஒன்று நமக்கு வடகிழக்கே, பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் இருக்கிறது. 1979 முதல் செயற்கைக்கோள் ஏவுகலங்கள் அந்தக் காட்டின் நடுவிலிருந்துதான் எழும்புகின்றன. பழவேற்காட்டில் நின்று பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.

இதில் எழுதப்படாத கதை எவ்வளவு இருக்கிறது! வீரை மரத்துப் பேய் ஒன்று, தன் காட்டிலிருந்து தீப்பிழம்போடு வானேறுகிறதே, அது என்ன பூதம் என்று கேட்டால் அதற்கு மற்றப் பேய்கள் என்ன பதில் சொல்லும்? ஆரணியாற்றில் வெள்ளம் வரும் ஆண்டில் ஆண்டலை எங்கே போய் உட்காரும்? இரவுப் பணி முடிந்து கும்மிடிப்பூண்டியிலிருந்து வண்டியில் வரும் இளைஞனைக் கள்ளிப்புதர் ஓரத்தில் மறித்து, உன் வீட்டில் அடுப்பெரிகிறதா, என் பிள்ளைக்குப் பாலில்லை என்று ஒரு தாய் சொன்னால், அவன் என்ன செய்வான்?

இந்த அறக்கட்டளை நடத்தும் பள்ளிப் போட்டியில் வழக்கமாகக் கட்டுரைத் தலைப்புத் தருகிறார்கள். அடுத்த ஆண்டு ஒரு கதைத் தலைப்பும் தரலாம் என்பது என் வேண்டுகோள். விதி இரண்டு போதும். ஒன்று, கதையைக் காட்டில் இருப்பவர் தன் வாயால் சொல்ல வேண்டும். இரண்டு, கதையில் வரும் மரம் எதுவானாலும் அதை ஊத்துக்கோட்டைக்கும் பழவேற்காட்டுக்கும் இடையில் எழுதியவர் நேரில் பார்த்திருக்க வேண்டும். மரத்தின் பெயர் தெரியாத பிள்ளைகள் வீட்டுப் பாட்டியையோ ஆடு மேய்ப்பவரையோ கேட்கட்டும். காரையையும் சூரையையும் தெரிந்தவர்கள் இந்த ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எழுதி வருகிற கதைகளை வாசித்துப் பார்க்க நான் வருகிறேன்.